கொழுப்பு குறையணும், தசையும் ஏறணும்: ரெண்டும் ஒண்ணா நடக்குமா?

காலாங்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். விவரம் சுருக்கமா: ஆண், வயது 34, உயரம் 171 செ.மீ., எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. கை காலெல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் முன்னாடி வருது. அலுவலக வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். சிங்கப்பூர்ல இருக்கேன், வீட்டுப் பக்கத்துல ஆக்டிவ்எஸ்ஜி பொது ஜிம் இருக்கு. வாரம் மூணு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும், அதுக்கு மேல முடியாது.

ஒருத்தர் "முதல்ல நல்லாச் சாப்பிட்டு உடம்பை ஏத்து, கொழுப்பை அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கிறார். இன்னொருத்தர் "முதல்ல பத்து கிலோ இறக்கு, அதுக்கப்புறம் பளு தூக்கு"ங்கிறார். ரெண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கா? காலையும் ராத்திரியும் வீட்டுச் சாப்பாடு, மத்தியானம் உணவங்காடி நிலையம். புரதம் எவ்வளவு வேணும், எதுலேர்ந்து எடுக்கிறது? வீட்டுத் தராசு ஒரு நாள் கொழுப்பு 29 சதவீதம்னு காட்டுது, மறுநாள் 26ங்குது, அதை நம்பலாமா? ஐபிபிடி (ராணுவ உடற்தகுதிச் சோதனை) வேற வருது, அதனால ஓட்டத்தையும் விட முடியாது.

பளுமணி பதில்:

தம்பி, உங்கள் நிலையில் ரெண்டும் ஒன்றாகவே நடக்கும். பளுப் பயிற்சிக்குப் புதியவர், விட்டுவிட்டு நாள் கழித்துத் திரும்ப வருபவர், உடம்பில் கொழுப்புச் சேமிப்பு தாராளமாக உள்ளவர் ஆகிய மூன்று வகையினருக்கும் இது எளிது. நீங்கள் முதல் வகையிலும் மூன்றாவது வகையிலும் வருகிறீர்கள்.

உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 26.7. இங்கே சுகாதார அமைச்சு ஆசியர்களுக்கு வைத்திருக்கும் எல்லை 23, அதிக ஆபத்துக்கான எல்லை 27.5. ஆனால் நான் பிஎம்ஐயை விட அந்த 94ஐத்தான் பார்ப்பேன். ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே வயிற்றுக்குள் கொழுப்பு கூடுகிறது என்று பொருள். ஒரே பிஎம்ஐ உள்ள சீனரையும் இந்தியரையும் நிறுத்திப் பார்த்தால் பொதுவாக நம் ஆளுக்குத்தான் கொழுப்பு விகிதம் கூடுதல், சர்க்கரை நோயும் நம்மைச் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். அதனால் "முதலில் ஏற்று" என்ற யோசனை உங்களுக்கு வேண்டாம். "முதலில் பத்து கிலோ இறக்கு" என்பதும் வேண்டாம். பளு தூக்காமல் வயிற்றைக் காயப்போட்டு இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும். எடை 68 ஆகும், தொப்பை சின்ன அளவில் அப்படியே நிற்கும்.

சாப்பாடு குறைவாக இருக்கும்போது தசை எப்படி வளரும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். தசை வளர இரண்டு தேவை: பளு கொடுக்கும் இழுவிசை, உணவில் வரும் அமினோ அமிலங்கள். வேலைக்கு வேண்டிய சக்தியில் ஒரு பங்கை உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. பற்றாக்குறை சிறியதாக இருக்கும்வரை இது ஓடும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதிக எடை கொண்ட இளைஞர்களைக் கடுமையான கலோரிப் பற்றாக்குறையில் வைத்து, வாரம் ஆறு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். 2016ல் வெளிவந்த முடிவு இது: கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் நான்கு வாரத்தில் 4.8 கிலோ கொழுப்பு இழந்து, 1.2 கிலோ கொழுப்பற்ற எடை கூடினார்கள். 1.2 கிராம் சாப்பிட்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பு இழந்தார்கள், தசைப் பக்கம் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. அந்த அளவு கடுமையை வேலைக்குப் போகிறவர் நகலெடுக்க முடியாது, வேண்டியதும் இல்லை. புரதத்தின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்கு இன்னொரு ஆய்வு. நார்வேயில் போட்டி வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு அணி வாரம் உடல் எடையில் 0.7 சதவீதமும் மற்றது 1.4 சதவீதமும் குறைக்கும்படி வைத்தார்கள். மெதுவாகக் குறைத்த அணிக்குத்தான் கொழுப்பற்ற எடை ஏறியது.

இனி உங்கள் கணக்கு. சும்மா படுத்திருந்தாலே செலவாவது சுமார் 1,680 கலோரி. உட்கார்ந்த வேலையும் மூன்று நாள் பயிற்சியும் சேர்த்து 1.4 ஆல் பெருக்கினால் 2,350. நாளுக்கு 2,000 என்று தொடங்குங்கள். வாரம் 300 முதல் 400 கிராம் குறைந்தால் சரியான தடம். தொடர்ந்து 700 கிராமுக்கு மேல் குறைகிறது, ஜிம்மில் பளுவும் இறங்குகிறது என்றால் 150 முதல் 200 கலோரி கூட்டுங்கள். புரதம் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம். உங்களுக்கு 140 கிராம் நல்ல இலக்கு. நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 35. கொழுப்புச் சத்தை 50 கிராமுக்குக் கீழே இறக்காதீர்கள். மீதி மாவுச்சத்து, அதில் பெரும் பங்கைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சர்க்கரைக்கு மருந்து எடுத்தாலோ, இதைத் தொடங்கும் முன் பலதுறை மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள்.

பயிற்சியில் இரண்டு பட்டியல் போதும், மாற்றி மாற்றிச் செய்யுங்கள். 'அ' நாளில் ஸ்குவாட், டம்பெல் பெஞ்ச் பிரஸ், சீட்டட் ரோ, கடைசியாகப் பிளாங்க். 'ஆ' நாளில் ருமேனியன் டெட்லிஃப்ட், உட்கார்ந்து ஷோல்டர் பிரஸ், லாட் புல்டவுன், லெக் பிரஸ். ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. நேரம் மிஞ்சினால் கை, கெண்டைக்கால். ஒரு மணிக்குள் முடியும். தள்ளும் தசைகளுக்கும் இழுக்கும் தசைகளுக்கும் வாரம் 9 செட் சேரும், ஆரம்பத்துக்கு அது தாராளம்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது பளு ஏற்றுவதில். டம்பெல் 14 கிலோவில் 12, 10, 9 தடவை வந்தது என்றால் அடுத்த முறையும் அதே 14தான். மூன்று செட்டிலும் 12 எட்டிய பிறகு 16 எடுங்கள். அப்போது 9, 8, 8 என்று விழும், அது சரிதான், மறுபடி அங்கிருந்து ஏறுங்கள். பார்பெல் என்றால் பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு மாட்டி மொத்தம் 2.5 கிலோவாக ஏற்றலாம். டம்பெல்லில் தாவல் பெரிது, அதனால் அங்கே 14 தடவை வரை போய்விட்டு மாறினாலும் தப்பில்லை. ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்று அல்லது இரண்டு தடவை மிஞ்சியிருக்கும்போது நிறுத்துங்கள். ஐந்து தடவை மிஞ்சியிருக்கும்போதே கீழே வைத்துவிட்டு போனை எடுத்தால் அது வியர்வைக்கு ஆகும், தசைக்கு ஆகாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். எழுதாதவர் மூணு மாதம் ஒரே 14ஐத் தூக்கிக்கொண்டிருப்பதை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம்.

ருமேனியன் டெட்லிஃப்ட்டில் முதுகு பிடிக்கிறது என்று வருபவர்கள் அநேகமாகப் பாரைத் தரைவரை கொண்டுபோகிறவர்கள். முழங்காலை லேசாக மடக்கி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள், கார் கதவைப் பின்பக்கத்தால் சாத்துகிற மாதிரி. பார் தொடையை உரசியபடியே இறங்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும்போது தொடையின் பின்பக்கம் இழுக்கும். அங்கேயே திரும்புங்கள். அதற்கும் கீழே போனால் வளைவது முதுகுத்தண்டு.

அடைதோசை பதில்:

பளுமணி அண்ணன் சொன்ன 140 கிராம் எங்கே மாட்டும்னு சாப்பாட்டுப் பக்கத்துலேர்ந்து சொல்றேன். நம்ம வீட்டுத் தட்டுல பெரிய ஏமாற்று சாம்பார்தான். "பருப்பு சாப்பிடறேனே"ம்பாங்க. நூறு கிராம் துவரம்பருப்புல 22 கிராம் புரதம் இருக்குங்கிறது உண்மை, ஆனா ஒரு கரண்டி சாம்பார்ல இருக்கிறது பத்து கிராம் பருப்பு. அதாவது ரெண்டு கிராம் புரதம். ஒரு தோசையில மூணு, ஒரு இட்லியில ரெண்டு. மூணு தோசை, சாம்பார், சட்னின்னு வயிறு நிறைய எழுந்தாலும் 12 கிராம் தாண்டாது.

காலையில தோசை ரெண்டே போதும், கூட ரெண்டு முழு முட்டை, ரெண்டு வெள்ளைக்கரு. அது 25 கிராம். மத்தியானம் சீனர் கலப்புச் சோற்றுக் கடையில பாதிச் சோறு கேளுங்க. ஆவியில வேகவெச்ச மீன் ஒண்ணு, தாவ் குவா (கெட்டி டோஃபு) ஒண்ணு, கீரை ஒண்ணு. மேலே குழம்பு ஊத்த வேணாம்னு முன்கூட்டியே சொல்லிடணும், இல்லாட்டி கரண்டி அது பாட்டுக்கு வந்துடும். இது 35 முதல் 40 கிராம் வரும். நாலு மணிக்கு ஒரு கரண்டி வே (பால் புரத) பவுடர், 250 மில்லி கொழுப்பு குறைந்த பாலில் கலந்தா 32. ராத்திரி, பச்சையா எடை போட்டு 150 கிராம் கோழி நெஞ்சுக்கறி, ரெண்டு சப்பாத்தி, கொஞ்சம் பருப்பு, ஒரு பொரியல். 42 வரும். கூட்டிப் பாருங்க, 134லேர்ந்து 139 வரும்.

எடையைப் பச்சையா போடறீங்களா வெந்த பிறகு போடறீங்களாங்கிறதைத் தெளிவா வெச்சுக்கணும். கோழி வெந்தா கால்வாசி எடை தண்ணியாப் போயிடும். பச்சையில 100 கிராமுக்கு 22 கிராம் புரதம், வெந்ததுல 30. இதைக் குழப்பிக்கிட்டா தினமும் பத்து கிராம் பிசகும்.

எண்ணெயைக் கண்ணால அளக்காதீங்க. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தாளிக்க ஒண்ணு, வதக்க ரெண்டு, தோசைக் கல்லுல சுத்தி ஒண்ணுன்னு போனா உங்க மொத்தப் பற்றாக்குறையும் வாணலியிலேயே முடிஞ்சது. எண்ணெய் பாட்டிலைத் தராசுல வெச்சு எடையைப் பாருங்க, சமைச்சு முடிச்சு மறுபடி வெச்சுப் பாருங்க. குறைஞ்ச கிராமை 9 ஆல் பெருக்கினா கலோரி. நாலு பேர் வீடுன்னா நாலா வகுத்துக்கலாம். ஒரு வாரம் செஞ்சாப் போதும், கை தானா அளவு பிடிச்சுக்கும். தேங்காய்ப்பாலும் அப்படித்தான், கெட்டிப்பால் நூறு மில்லி 200 கலோரியைத் தொடும்.

குடிக்கிறதைக் கணக்குல சேர்க்காம விடறவங்க நிறைய. தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்) ஒரு கோப்பை 150 கலோரிக்குப் பக்கம், நாளுக்கு மூணுன்னா அதுவே 450. கோப்பி ஓ கொசோங் (பால், சர்க்கரை இல்லாத காப்பி) பழகிக்குங்க, பால் வேணும்னா தே சி கொசோங் (சர்க்கரை இல்லாத பால் தேநீர்). சியூ தாய்னு கேட்டா சர்க்கரை குறையும், இல்லாம போகாது. பாக்கெட் பானங்களில் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டற நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்க, ஏ, பி தாண்டி எடுக்க வேண்டாம். 2023 கடைசியிலேர்ந்து கடையில கலந்து தர்ற பானங்களுக்கும் அந்த எழுத்து வந்திருக்கு.

கேப்போ பதில்:

அண்ணே அக்கா ரெண்டு பேரும் சொன்னது சரி லா, ஆனா ஓட்டத்தைப் பத்தி யாரும் பேசல. தராசைப் பத்தியும் பேசல.

முதல்ல தராசு. காலுக்கடியில லேசா மின்சாரம் விட்டு, உடம்புத் தண்ணியில அது எவ்வளவு தடைபடுதுன்னு பார்த்து, கொழுப்பை ஊகிக்குது. நேத்து ராத்திரி உப்பு ஏறின மீ சூப் குடிச்சா ஒரு எண்ணு, மத்தியான வெயில்ல ஓடிட்டு வந்து நின்னா வேற எண்ணு. 29க்கும் 26க்கும் நடுவுல உங்க கொழுப்பு ஒரு கிராம்கூட மாறியிருக்காது. அந்தச் சதவீதத்தைப் பார்க்கவே பார்க்காதீங்க. எடையை மட்டும் எடுங்க: காலையில, கழிப்பறை போயிட்டு வந்து, எதுவும் குடிக்கறதுக்கு முன்னாடி. ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோட ஒப்பிடுங்க. ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பே இல்ல.

இடுப்பை அளக்கிற நாடா ரொம்ப முக்கியம். தொப்புள் மட்டம்னு சிலர் அளப்பாங்க, தொப்பை தொங்கினா அந்த மட்டமே இறங்கிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்முனைக்கும் நடுவுல, பக்கவாட்டில் ஒரு புள்ளி பிடிங்க. சாதாரணமா மூச்சை விட்டு முடிச்சதும் அளங்க, இழுத்துப் பிடிக்காதீங்க. நாடா தோலை அமுக்கக் கூடாது. ரெண்டு தடவை எடுத்து சராசரி போடுங்க. வாரம் ஒரு தடவை போதும். கூடவே தொடை நடுவையும் மேல் கையையும் அளந்து வைங்க. எடை நின்னுட்டு இடுப்பு இறங்குது, தொடை அப்படியே இருக்கு, நோட்டுல பளு ஏறுதுன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம். அந்த மாதிரி சமயத்துலதான் நம்ம ஆளுங்க பயந்துபோய் சோத்தை இன்னும் பாதியாக்குவாங்க, அத்தோட எல்லாம் நின்னுடும்.

அடுத்து ஐபிபிடி. புஷ்-அப் ஒரு நிமிஷம், சிட்-அப் ஒரு நிமிஷம், 2.4 கிலோமீட்டர் ஓட்டம், மொத்தம் 100 புள்ளி. என்எஸ்மேனுக்கு (முழுநேர தேசிய சேவை முடிச்சவருக்கு) 51 தேர்ச்சி, 61லேர்ந்து ஊக்கத்தொகை, 75 வெள்ளி, 85 தங்கம். நாலு கிலோ கொழுப்பு போனாலே ஓட்ட நேரம் தன்னால குறையும், அதனால வாரம் அஞ்சு நாள் ஓட வேண்டியதில்ல. ரெண்டு நாள் போதும். ஒரு நாள் 400 மீட்டர் ஆறு தடவை, நடுவுல ஒன்றரை நிமிஷ நடை. இன்னொரு நாள் பேசிக்கிட்டே ஓடக்கூடிய வேகத்துல அரை மணி. பளு தூக்காத நாளுக்குத் தள்ளுங்க. ஒரே நாள்தான் முடியும்னா முதல்ல பளு, அப்புறம் ஓட்டம், முடிஞ்சா நடுவுல ஆறு மணி நேர இடைவெளி. கால் பயிற்சிக்கு முந்தின நாள் வேக ஓட்டம் வெச்சா ஸ்குவாட் படுத்துக்கும். புஷ்-அப்புக்கு, உங்க உச்சம் 30ன்னா தினமும் 15, 15ஆ மூணு நாலு செட், களைச்சுப் போகாம. சோதனைக்கு முந்தின ரெண்டு வாரம் பற்றாக்குறையை நிறுத்தி வயிறாரச் சாப்பிடுங்க.

பளுமணி அண்ணன்கிட்ட ஒரே ஒரு விஷயத்துல ஒத்துப்போகல. "ரெண்டும் ஒண்ணா"ங்கிறது காலாகாலத்துக்கும் ஓடாது. இடுப்பு 84க்கு வந்து, ஒரு வருஷம் தொடர்ந்து தூக்கின பிறகு அது ஆமை வேகமாயிடும். அப்போ ஆறு மாசம், எடை ஏறாம இறங்காம நிக்கிற அளவுக்கு மேல 200 கலோரி சேர்த்துச் சாப்பிட்டு ஏத்தறது, பிறகு ரெண்டு மாசம் இறக்கறதுன்னு பிரிச்சுக்கிறதுதான் லாபம். அங்கேயும் "ஒண்ணாவே செய்வேன்"னு பிடிவாதம் பிடிச்சா ரெண்டும் அரைகுறை.

பளுமணி பதில்:

கேப்போ சொல்வதை மறுக்கவில்லை. தம்பி இப்போது நிற்கும் இடத்துக்குத்தான் நான் சொன்னது. இன்னொன்று: நடையை விட்டுவிடாதீர்கள். சாப்பாடு குறைந்தால் உடம்பு உங்களுக்குத் தெரியாமலேயே அசைவைக் குறைக்கும். மின்தூக்கி, ஒரே நிறுத்தத்துக்குப் பேருந்து, வீட்டுக்கு வந்ததும் சோபா. நாளுக்கு 8,000 காலடி என்று வைத்துக்கொண்டால் அந்தக் கசிவு அடைபடும்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010ல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. ஒரே ஆட்களை ஒரே அளவு உணவில் வைத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கவிட்டார்கள். இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது போன எடையில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே விழுந்தது, மீதியெல்லாம் கொழுப்பல்லாத திசு. நள்ளிரவு வரை கால்பந்து பார்த்துவிட்டு ஆறு மணிக்கு எம்ஆர்டி ரயில் பிடிக்கிறவர் எவ்வளவு கோழி சாப்பிட்டாலும் பலன் பாதிதான்.

காலாங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூணு விஷயம் ஒட்டிக்கிட்டு நிக்குது. சாயந்திரம் ஏழு மணிக்கு ஜிம்முல ஸ்குவாட் ரேக் கிடைக்கவே கிடைக்காது, நாலு பேர் வரிசையில நிப்பாங்க. சனி ஞாயிறு சொந்தக்காரங்க வீடு, கல்யாணம், வாழையிலைச் சாப்பாடு, அதை என்ன பண்றது? தசை பலத்துக்குன்னு விக்கிற கிரியேட்டின் பொடி எடுக்கலாமா, முடி கொட்டும்னு சொல்றாங்களே?

கேப்போ பதில்:

ரேக்குக்காகக் காத்திருந்தா உங்க ஒரு மணி நேரம் அங்கேயே போயிடும். ஒரு டம்பெல்லை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு காப்லெட் ஸ்குவாட் பண்ணுங்க. 24 கிலோ பன்னிரண்டு தடவை சுலபமாகிறப்போ பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்கு மாறுங்க: பின்கால் பெஞ்சு மேல, ரெண்டு கையிலேயும் டம்பெல். ஒரு காலுக்கு 10 கிலோ டம்பெல்லே போதும் போதும்னு ஆயிடும். முன்கால் ரொம்பக் கிட்ட இருந்தா முழங்காலைப் பிடிக்கும், ஒரு அடி தள்ளி வைங்க. எந்தப் பயிற்சி செஞ்சாலும் ரெண்டு மாசம் அதையே பிடிச்சுக்கிட்டு இருங்க. வாரத்துக்கு ஒண்ணு மாத்தினா நோட்டுல ஒப்பிட எதுவும் இருக்காது.

அடைதோசை பதில்:

சனி ஞாயிறு கணக்கு இப்படி: திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினம் 350 மிச்சம் பிடிச்சா 1,750. சனிக்கிழமை ராத்திரி புஃபே, ரெண்டு பீர், ஞாயித்துக்கிழமை காலையில மூணு பராட்டான்னு போனா அந்த 1,750 அப்படியே திரும்பி வந்துடும். "வாரம் முழுக்க ஒழுங்கா இருக்கேன், எடை அசையல"ங்கிறவங்களில் பாதிப் பேர் கதை இது.

இலைச் சாப்பாட்டுக்குப் போற நாளில காலையில முட்டையும் கிரேக்கத் தயிரும் மட்டும் வெச்சுக்குங்க. இலையில மீனோ கோழியோ முதல்ல, கூட்டு பொரியல் ரெண்டாவது தடவையும் வாங்கலாம், சோறு ஒரு தடவை, அப்பளம், பாயசம் ரெண்டுல ஏதாவது ஒண்ணு. எதையும் தொடாம கையைக் கழுவினா பெரியம்மா கோபத்துக்கு யார் பதில் சொல்றது? ஒரு வேளை கூடினா ஒண்ணும் ஆகாது, ரெண்டு நாள் முழுசும் கூடினாத்தான் கணக்கு உதைக்கும்.

காலைநடை கேட்டது:

அக்கா, நடுவுல நுழையறேன். பெண், வயது 41, எடை 62 கிலோ, சுத்த சைவம். முட்டையும் இல்ல. இந்த அளவு புரதம் எனக்கு எட்டுமா? பளு தூக்கினா கை ஆம்பளை மாதிரி ஆயிடுமோன்னும் யோசனை.

அடைதோசை பதில்:

கைக்குக் கவலையே வேண்டாம். ஆண்களுக்கு இருக்கிற டெஸ்டோஸ்டிரோன்ல சின்னப் பங்குதான் நமக்கு. வருஷக்கணக்கா தூக்கினாலும் அப்படி ஆகாது, நாற்பதுக்கு மேல எலும்புக்கும் அது தேவை.

உங்களுக்கு 100 கிராம் இலக்கு. பருப்பு வகையால மட்டும் அதை எட்டப் பார்த்தா மாவுச்சத்தும் கூடவே ஏறிடும், அதனால சோயாவும் பாலும்தான் தூண். காலையில தோசைக்குப் பதிலா பருப்பு கூடப் போட்ட அடை ரெண்டு, 14 கிராம். கூட சர்க்கரை போடாத சோயா பால் 250 மில்லி, 8 கிராம். மத்தியானம் தெம்பே (புளிக்கவெச்ச சோயாக் கட்டி) 100 கிராம், 19. பொரிச்சு எடுத்தா எண்ணெய் குடிச்சுடும், கல்லுல வாட்டி சம்பல் தடவுங்க. கீரையும் அரைக் கோப்பைச் சோறும். சாயந்திரம் கிரேக்கத் தயிர் 200 கிராம், 18. வீட்டுத் தயிர்ல இதுல பாதிகூட வராது, தண்ணி வடிகட்டாததால. ராத்திரி சோயா உருண்டை உலர்ந்த எடையில 40 கிராம், 20 கிராம் புரதம். கொதிக்கற தண்ணியில பத்து நிமிஷம் ஊறவெச்சு, நல்லாப் பிழிஞ்சு, ரெண்டாவது தடவை பச்சைத் தண்ணியில அலசிப் பிழிஞ்சாத்தான் அந்த வாடை போகும். அப்புறம் கோழிக் குழம்பு மசாலாவே போடலாம், வித்தியாசம் தெரியாது. வே ஒரு கரண்டி சேர்த்தா நூறு தாண்டும். வே பாலிலேர்ந்து வர்றதுதான், பொதுவா சைவம். பன்னீர் நல்லதுதான், ஆனா நூறு கிராமுல 18 கிராம் புரதத்தோட இருபது கிராமுக்கு மேல கொழுப்பும் வரும், வாரம் ரெண்டு நாளைக்கு வெச்சுக்கலாம்.

வெளியே சாப்பிடறப்போ யோங் தாவ் ஃபூ (டோஃபு, காய் எடுத்துக் கொடுத்தா சூப்புல போட்டுத் தர்ற) கடையில கவனம். தாவ் குவா, காய்தானேன்னு எடுப்போம், ஆனா சூப்புல பெரும்பாலும் நெத்திலி கொதிச்சிருக்கும், அடைச்சிருக்கிறது மீன் விழுது. சைவ பீஹூன் (அரிசி சேமியா) கடையில தர்ற பொய்க்கறி கோதுமைப் புரதம், லைசின் கம்மி, எண்ணெயும் உப்பும் ஜாஸ்தி. அதை மட்டும் நம்பி ஓட்டாதீங்க.

மாதவிடாய்க்கு முந்தின சில நாள் தண்ணி கோத்துக்கிட்டு எடை ஒரு கிலோ, சிலருக்கு ரெண்டு கிலோ வரைக்கும் ஏறும். போன வாரத்தோட ஒப்பிடாம, போன மாசத்து அதே வாரத்தோட ஒப்பிடுங்க.

பளுமணி பதில்:

கிரியேட்டின் கேள்வி விடுபட்டுப் போயிற்று. மோனோஹைட்ரேட் வகை, நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி, பயிற்சி இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு வாரம் 20 கிராம் ஏற்றும் முறை கட்டாயமில்லை. வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் அதுதான். விலை கூடிய மற்ற வகைகள் இதைவிடச் சிறந்தவை என்று நிரூபணமாகவில்லை. காலைநடை அம்மாவுக்கு இது கூடுதலாகவே வேலை செய்யலாம், ஏனென்றால் சைவம் சாப்பிடுகிறவர்களின் தசையில் கிரியேட்டின் இருப்பு இயல்பாகவே குறைவு. முதல் சில வாரங்களில் தசைக்குள் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ வரை எடை ஏறலாம். அது கொழுப்பு அல்ல, நாடாவைப் பாருங்கள்.

முடி விஷயம்: 2009ல் தென்னாப்பிரிக்காவில் சில ரக்பி ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில் வழுக்கையோடு தொடர்புள்ள டிஎச்டி என்ற ஹார்மோன் உயர்ந்தது. முடி கொட்டியதா என்று அதில் யாரும் அளக்கவே இல்லை. அந்த ஒரே ஆய்விலிருந்துதான் இந்தப் பேச்சு கிளம்பியது. வழுக்கை பரம்பரையாக வருகிற குடும்பத்தில் கிரியேட்டின் இல்லாமலும் கொட்டும்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. கிரியேட்டின் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் 'கிரியேட்டினின்' (creatinine) என்ற கழிவுப் பொருளின் அளவு சற்று ஏறிக் காட்டலாம், அதை வைத்துக் கணக்கிடும் சிறுநீரகச் செயல்திறன் எண் இறங்கித் தெரியும். முந்தின நாள் கனமாகக் கால் பயிற்சி செய்திருந்தால் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற கல்லீரல் எண்களும் ஏறி நிற்கும், ஏனென்றால் அந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன. ஒரு வாரமாவது பளுவை நிறுத்திவிட்டுப் போங்கள். கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண் அப்படியும் இடித்தால் கிரியேட்டினை நிறுத்திவிட்டு, எப்போது மறுபடி ரத்தம் கொடுப்பது, சிறுநீரகத்தை வேறு வழியில் பார்க்கும் சிஸ்டாடின் சி சோதனை வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். அந்தச் சோதனை கிரியேட்டினால் மாறாது.